கடைசிச் சொட்டு ரத்தமும் ஓமனா நர்சும்

பாறசாலை,
9-10-1954

திருப்புறத்தில் இருக்கும் அன்பு அக்காள் தங்கபாய்க்கு, தம்பி வேதமணி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நலம் என்று தொடங்கத்தான் ஆசை, ஐந்து நாளாக என் வயிறு அதற்குச் சம்மதிக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் கையைத் திட்டாதே, இரண்டு கையும் குத்து வாங்கியிருக்கிறது.

என் மகன் ராபின்சனுக்குப் பெண் பார்த்து நீ எழுதிய கடிதத்தில் ஓமனா என்ற பெயரைக் கண்டதுமே மீதியைப் படிக்காமல் மடித்துவைத்து, மலையாளப் பெண் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று பதில் போட்டேன் அல்லவா? அதை நீ பெண் வீட்டாரிடம் சொல்லாமல் வைத்திருப்பது உன் புத்தி. ஆனால் என் நிலைமையையும் பார். நம் தமிழ்த் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர என் உடம்பின் கடைசிச் சொட்டு ரத்தத்தையும் தருவேன் என்று சந்தை மேடையில் முழங்கிய வாய் இது. கைதட்டு வாங்கிய சந்தோஷத்தில் கீழே இறங்கி, நண்டுக்கறியை மூன்று தடவை வாங்கித் தின்றதும் இதே வாய்தான். அப்புறம் நடந்ததை அக்காளுக்கு எழுதக் கூடாது. மறுநாள் கண் குழிந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரி கிருபாபாய் அழுதுகொண்டே என்னை வண்டியில் தூக்கிப் போட்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

ஒரு சின்ன வயது நர்ஸ் வந்தாள். இடது கையில் ஊசியைக் குத்தி, ரப்பர் குழாயை மாட்டினாள். பிறகு கம்பியில் தொங்கிய உப்புத்தண்ணீர்க் குப்பியைக் கழற்றிக் கட்டிலுக்கும் கீழே தாழ்த்திப் பிடித்தாள். குழாயின் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. அதில் சிவப்பாக என் ரத்தம் இறங்கி வருகிறது, அக்கா! தண்ணீர் ஏற்ற வந்தவள் ரத்தத்தை அல்லவா இறக்குகிறாள்! எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேடைப் பேச்சு மேலிடத்துக்கு எட்டி, சொன்ன சொட்டை வசூலிக்க ஆள் அனுப்பிவிட்டார்கள். "எந்தினா மோளே என்றெ சோர எடுக்குந்நது?" என்று, என் ரத்தத்தை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டு அலறிக் கையை உதறினேன். "அப்பச்சா, அனங்ஙல்லே!" என்று அசையவிடாமல் பிடித்து அமர்த்தி, குப்பியை மேலே மாட்டிவிட்டுப் போனாள். அவள் போனதும் அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடக்கும் தாணுமாலயன், "சாருதானே மேடையில தாறேன்னு சொன்னது? கேட்டா குடுத்திர வேண்டியதாக்கும்" என்று சிரிக்கிறார், படுபாவி.

நான் உதறின உதறலில் கொஞ்ச நேரத்துக்குள் கை பணியாரம் போல உப்பிவிட்டது. ஓடிவந்தவள் மறுபடியும் குப்பியைத் தாழ்த்திப் பார்த்தாள். இந்தத் தடவை ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. ரத்தம் திரும்பி வந்தால்தான் ஊசி நரம்புக்குள் இருக்கிறதாம், வராவிட்டால் தண்ணீர் சதையில் போய்த் தேங்குமாம். இதைப் பொறுமையாக மலையாளத்தில் சொல்லி, ஊசியை உருவி வலது கையில் குத்தினாள். குப்பி மூன்றாம் முறையாகத் தாழ்ந்தது. ரத்தம் வரவேண்டுமே என்று நானே ஜெபம் பண்ணினேன். வந்தது! வார்டே திரும்பிப் பார்க்க அல்லேலூயா என்று கத்தினேன். குப்பியை உயர்த்தினதும் அத்தனையும் உள்ளே திரும்பிப் போய்விட்டது, அவள் தனக்கென்று ஒரு சொட்டு எடுக்கவில்லை. அதன்பிறகு அரைமணிக்கொரு தடவை வந்து, வீக்கம் உண்டா, வலி உண்டா என்று தடவிப் பார்த்தாள். பெற்ற பிள்ளை கூட அப்படிப் பார்க்காது. யார் என்று விசாரித்தால், பூவார்க்காரி, நீ எழுதிய அதே ஓமனா!

ஆகையால் அக்கா, நான் பெரிய மனது பண்ணிச் சம்மதிக்கிறேன். பேரப்பிள்ளைகள் மலையாளம் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். நம் போராட்டக் கமிட்டிக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். நீ உடனே போய்ப் பேசி முடி. உன் முழங்கால் வலி தீரவும், மருமக்கள் எல்லோரும் சுகமாயிருக்கவும் தினமும் ஜெபிக்கும்,

உன் தம்பி,
வேதமணி

பின்குறிப்பு: மேலே எழுதிய பெரிய மனதையெல்லாம் அடித்துவிடு. தபாலில் போடச் சொல்லி இதை ஓமனாவிடம் கொடுத்தேன். விலாசத்தைப் பார்த்துவிட்டு, "தங்கபாய் மாமிக்கா?" என்கிறாள், சுத்தத் தமிழில்! "மக்கா, உனக்குத் தமிழ் உண்டா?" என்றேன். "வீட்டுல தமிழ்தான். வந்ததுலேருந்து மலையாளத்துல பேசினது நீங்கதானே, அதுனால நானும் பேசினேன்." அவள் அப்பா சுந்தரதாஸ் தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட ஊர்வலத்தில் போய் லாக்கப்பில் கிடந்து வந்தவராம். "மாமி நம்ம ஆளு, தம்பி எந்தப் பக்கம்னு பாத்து எழுது" என்று மகளுக்குச் சொல்லியிருந்தாராம். "மலையாளப் பக்கமாக்கும்னு நேத்து எழுதிப் போட்டேனே" என்கிறாள்! அக்கா, முழங்கால் வலியைப் பார்க்காதே, அந்தக் கடிதத்துக்கு முன்னால் பூவாருக்கு ஓடு. நான் தமிழன்தான் என்று சுந்தரதாஸிடம் சத்தியம் பண்ணு. என்னால் இங்கே நிரூபிக்க முடியவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு நான் தலையில் கைவைத்துக் கத்தினதும் "என்றெ தெய்வமே, சதிச்சல்லோ!" என்று மலையாளத்தில்தானாம். கிருபாபாய் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை.