ஒருநிமிஷம் அண்ணன் வாசித்த மூன்றாம் ஓலை

மேட்டூரில் திறந்த தண்ணீர்கூட கல்லணைக்கு வந்து சேர்ந்துவிடும், ஒருநிமிஷம் அண்ணன் வாயிலிருந்து பதில் வந்து சேராது. டெல்டா முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு மனிதர் கிடைக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வேன்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வழியில் எங்கள் ஊர். கடைத்தெருவில் அவருக்கு உரக்கடை. யார் எதைக் கேட்டாலும் ஆள்காட்டி விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்பார். கண்ணை மூடிக்கொள்வார். வாயைத் திறப்பதற்கு முன் ஆண்டவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வாராம். அப்புறம்தான் பேச்சு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

குறுவை நடவு நேரத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. "யூரியா இருக்காண்ணே?" என்று ஒருவர் கேட்பார். விரல் மேலே போகும், கண் மூடும். பின்னால் இருபது பேர் வெயிலில் காய்வார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"யூரியா இருக்கான்னு குடோன்ல போய்ப் பாக்கணும். அதுக்கு ஏண்ணே ஆண்டவரத் தொந்தரவு பண்றீங்க?"

வழக்கம்போல் கண்ணை மூடித் திறந்துவிட்டுச் சொன்னார்: "யூரியா தீந்துபோச்சுன்னு எனக்கே தெரியும்டா. காலையிலேருந்து அம்பது பேர் கேட்டுட்டாங்க. அம்பத்தோராவது ஆள்மேல எரிஞ்சு விழாம சொல்லணும்ல, அதுக்குத்தான்."

வீட்டில் அவர் மனைவி மேரி அக்கா பாடுதான் பெரும்பாடு. மீன் குழம்பை ஊற்றிவிட்டு, "நல்லாருக்கா?" என்று கேட்பார். இவர் கண்ணை மூடுவார். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்ற அளவுக்கா வச்சிருக்கேன்?" என்று அக்கா தட்டை உருவிக்கொண்டு போய்விடுவார். போனில் இன்னும் மோசம். எதிர்முனையில் இருப்பவர் ஹலோ ஹலோ என்று கத்தி ஓய்ந்து, டவர் இல்லை என்று வைத்துவிடுவார். பூச்சிமருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் இவரால் செல்போனையே மாற்றிவிட்டார்.

நான் இதற்கு நேர் எதிர். யோசித்து முடிப்பதற்குள் என் வாய் பேசி முடித்துவிடும். அப்புறம் நான்தான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அப்படிப்பட்ட எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஸ்டெல்லா, திருவிடைமருதூர்ப் பக்கம், நர்ஸ் வேலை. பார்த்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் அப்பா கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாய்த்துடுக்கான மாப்பிள்ளை மட்டும் வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே கண்டிஷன். நிச்சயத்தன்று பல்லைக் கடித்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்து சமாளித்துவிட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. முதல் இரண்டையும் போதகர் வாசித்தார். மூன்றாவது ஞாயிறு அவருக்குக் காய்ச்சல். சபைச் செயலாளர் என்ற முறையில் ஒருநிமிஷம் அண்ணன் மைக்கைப் பிடித்தார். அன்றைக்குப் பார்த்து ஸ்டெல்லாவும் அவள் அப்பாவும் எங்கள் கோயிலுக்கு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர்களை வாசித்தார். "இத்திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்" என்றார். சொன்ன கையோடு விரலைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்."

கண்ணை மூடிவிட்டார்.

உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கம். வெளியூர் மனுஷன் என்ன நினைப்பார்? ஸ்டெல்லாவின் அப்பா எழுந்துவிட்டார். "என்ன ஆட்சேபணைங்க? சொல்லுங்க." அண்ணன் கண்ணைத் திறக்காமலே விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. "அண்ணே, எதுவா இருந்தாலும் சொல்லித் தொலைங்கண்ணே" என்று கத்திவிட்டேன். கோயிலுக்குள், ஆராதனை நடுவில். மாமனார் ஆகவேண்டியவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசல் வேப்பமரத்தடியில் விசாரணை. "மாப்பிள்ளைக்கு வாய் இவ்வளவு நீளம்னு யாரும் சொல்லலையே. இந்தக் கல்யாணம் வேணுமான்னு யோசிக்கணும்" என்றார். ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்பா ஒருநிமிஷம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏன் கண்ண மூடுனீங்க?"

அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு சபையில எல்லாரையும் கேட்டேன். ஆண்டவரும் சபையிலதானங்க இருக்காரு. அவருக்கும் ஒரு நிமிஷம் குடுக்கணும்ல."

"அவர் என்ன சொன்னாரு?"

"எங்க, அதுக்குள்ள இவன் கத்திட்டான்."

கண்டக்டரின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "சரி, நீங்களே சொல்லுங்க. பையன் எப்படி?"

விரல் மேலே போனது. ஐயோ, என் கல்யாணமே அந்த விரல் நுனியில் நின்றது. நல்ல பையன்னு சொல்லிட்டுப் போங்களேன் என்று உள்ளே கதறினேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். "வாய்த்துடுக்குதாங்க. இல்லன்னு சொன்னா பொய். என்னையே எத்தனையோ தடவ திட்டியிருக்கான். ஆனா அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்து மன்னிப்பு கேக்காம ஒருநாளும் இருந்ததில்ல. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா இவனுக்குத்தான் குடுப்பேன்."

அப்பா மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"எனக்கு ஆட்சேபணை இல்லப்பா" என்றாள் ஸ்டெல்லா.

என்னைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஒரு வார்த்தை சொல்லுமுன் எனக்காக ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.