தொட்டில் கொக்கியும் ஒரு பொன்னாடையும்

மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு இனி ஒரு நாளும் படுப்பதில்லை என்று தமிழ்மாறன் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு இன்னாசிமுத்து ஒருவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அவரும் பேப்பர் வாங்கிப் போக வந்தவர்.

மனைவி சோணையம்மாள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பும் சொல்லவில்லை, ஆதரவும் சொல்லவில்லை. தன் பொதுவாழ்வில் எந்தக் கலெக்டரிடமும் தமிழ்மாறன் இப்படியொரு மௌனத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உஷாராகியிருப்பார்.

எல்லாம் குறட்டையில் ஆரம்பித்தது. அவனியாபுரத்துக்காரர்களுக்குச் சத்தம் புதிதில்லை. தலைக்கு மேலேதான் விமானம் ஏறும், இறங்கும். ஆனாலும் விடியற்காலையில் விமானம் எது, தமிழ்மாறன் எது என்று தனக்குப் பிடிபடவில்லை என்பார் இன்னாசிமுத்து. விமானமாவது கொஞ்ச நேரத்தில் தூத்துக்குடிப் பக்கம் போய்விடும் என்றும் சேர்த்துச் சொல்வார்.

குறட்டை வீட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அது திருமங்கலம் வரைக்கும் போனது. அங்கே சுடுகாட்டுப் பாதைக்காக ஆர்ப்பாட்டம். தன் சனத்தின் பிணங்கள் வயல் வரப்பில் தடுமாறாமல் ரோட்டில் போக வேண்டும் என்று அவர் பாதி ஆயுசைக் கொடுத்த பாதை. அதிகாரிகள் மாறினார்கள், ஆட்சி மாறியது, வரப்பு மட்டும் மாறவில்லை. அந்த மேடையில், அந்தப் பாதைக்காக நடந்த கூட்டத்தில், அவர் தூங்கிப்போனார். எதிரே இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. கூட்டம் முதலில் மைக்செட்காரரைத் திட்டியது. அப்புறம் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று புரிந்து சிரித்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடித்த போலீஸைப் பார்த்திருக்கிறார். சிரித்த போலீஸை அன்றைக்குத்தான் பார்த்தார்.

மறுவாரம் அவர் தலைவராக இருக்கும் இயக்கத்தின் செயலாளர் பாண்டிராஜ் பழங்களோடு வீட்டுக்கு வந்தான். பழங்களோடு வருகிறவன் நல்ல சேதி கொண்டுவர மாட்டான் என்பது தமிழ்மாறனுக்குத் தெரியும்.

"அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு நீங்க தலைமை தாங்குங்கண்ணே. கண்டன உரையை நான் பாத்துக்கிறேன்."

தலைமை தாங்குவது என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. பேசாத தமிழ்மாறனுக்கும் அந்த நாற்காலிக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கே விளங்கவில்லை. அடுத்த ஆர்ப்பாட்டத்தில் நானே பேசுவேன், ஒரு கண்ணும் மூடாமல் பேசுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லும்போதே ஒரு கொட்டாவி வந்தது.

மகள் தமிழ்வாணி நர்ஸ். அவள்தான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மறுபடி திமிறிக்கொண்டு வருகிறது, அதனால்தான் பகலில் தலை தொங்குகிறது என்றார் டாக்டர். அப்படி வந்து சேர்ந்ததுதான் சிபாப் மிஷின். மூக்கில் மாஸ்க், மாஸ்க்கிலிருந்து ஆள் நீளத்துக்குக் குழாய், குழாயின் மறுமுனையில் காற்றைத் தள்ளும் பெட்டி.

மாஸ்க்கை அவர் பொறுத்துக்கொண்டார். குழாய்தான் எதிரி. ஒரே பக்கமாகப் படுக்கிற ஆள் இல்லை அவர். இடது பக்கம் புரண்டால் குழாய் முதுகுக்கு அடியில் மாட்டியது. வலது பக்கம் புரண்டால் கழுத்தைச் சுற்றியது. மதுரை வேக்காட்டில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டு, பிளாஸ்திரியைப் பிய்ப்பது போலப் பிய்க்க வேண்டியிருந்தது. ஒரு தடவை போலீஸ் சட்டையைப் பிடித்து இழுப்பதாகக் கனவு. விடுடா என்று கத்திக்கொண்டு எழுந்து பார்த்தால் கையில் குழாய், தரையில் மிஷின்.

அதற்கு மறுநாள்தான் அந்தத் தீர்மானம்.

சோணையம்மாள் அதற்குப் பிறகும் சண்டை பிடிக்கவில்லை. கட்டிலை மட்டும் சுவரோரத்திலிருந்து நடு அறைக்கு நகர்த்திப் போட்டாள். காற்று வரும் என்றாள். போகிறபோதும் வருகிறபோதும் ஒரே பாட்டைப் பாடினாள்.

"குழாய்னு இருந்தா மேல படத்தான் செய்யும். படாம படுக்க எவனாலயும் முடியாது. நான் என்னத்தச் செய்ய?"

இதைக் கேட்கக் கேட்கத் தமிழ்மாறனுக்குத் தெம்பு வந்தது. எதிராளி தன் பலவீனத்தைத் தானே சொல்கிறான் என்றால் அங்கேதான் அடிக்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. அவர்களால் கொடுக்கவே முடியாத ஒன்றைக் கேட்பது. சாட்சி வைத்துக் கேட்பது. கொடுக்க முடியாமல் அவர்கள் விழிக்கும்போது, பேச்சுவார்த்தை முறிந்தது அவர்களால்தான் என்று வெளியே வந்து அறிவிப்பது.

ஆர்ப்பாட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடைக்குப் போட்டுப் போவதற்கு அந்தப் பருத்திப் பொன்னாடையை பீரோவில் தேடினார். ஜிகினா பொன்னாடைகள் வீட்டில் மூட்டையாகக் கிடந்தன. அவை யாரோ போர்த்தி, இவர் வேறு யாருக்கோ போர்த்த வேண்டியவை. பருத்தி ஒன்றே ஒன்றுதான். ஜெயிலிலிருந்து வெளியே வந்த நாளில் கீழக்குயில்குடிப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிப் போர்த்தியது. அதைத் தோளில் போடாமல் அவர் எந்த மேடையும் ஏறியதில்லை.

"எங்க சோணை அது?"

"துவைக்கப் போட்டிருக்கேன்."

அவர் நம்பினார். அழுக்குத் துணி போட்ட இடத்திலிருந்து மடித்த துணியாக எப்படித் திரும்பி வருகிறது என்று தன் ஆயுசில் அவர் விசாரித்ததில்லை. உழைக்கும் மக்களின் உரிமைக்காக ஓயாமல் பேசியவர். கொல்லைப்பக்கத் துவைகல் மட்டும் அந்தப் பேச்சில் வந்ததே இல்லை.

அன்று இன்னாசிமுத்து பேப்பரைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, தமிழ்மாறன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நிபந்தனையை வைத்தார். குழாய் உடம்பில் படக் கூடாது. எந்தப் பக்கம் புரண்டாலும் படக் கூடாது. பட்டால் மிஷின் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், அதோடு இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

சோணையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"படலைன்னா?"

"ஆயுசு பூரா மாட்டிக்கிறேன்."

"இது யாரு பேசுறது? எம் புருசனா, இல்ல தலைவரா?"

"தலைவர்தான் பேசுறேன். நான் குடுத்த வாக்கைத் தவறுனதா ஒரு ஆள் சொல்லட்டும்."

"இன்னாசி அண்ணே, கேட்டுக்கிட்டீங்கள்ல?"

கேட்டேன் தங்கச்சி என்றார் இன்னாசிமுத்து. அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது தமிழ்மாறனுக்கு லேசாக உறுத்தியது. முடியாததைக் கேட்டால் அரசாங்கமே ஒரு வாரம் அவகாசம் கேட்கும். இவள் நாளை மத்தியானம் என்றாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் சோதனை. இன்னாசிமுத்து வாக்குச்சாவடிப் பார்வையாளர் போல நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தமிழ்மாறன் மல்லாந்து படுத்து மேலே பார்த்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வீடு கட்டும்போது கான்கிரீட்டில் பதித்த தொட்டில் கொக்கி. தமிழ்வாணி ஆடி வளர்ந்த கொக்கி. நேராக அவர் தலைக்கு மேலே இருந்தது. கட்டில் நகர்ந்தது காற்றுக்காக இல்லை.

சோணையம்மாள் ஸ்டூலில் ஏறி, கொக்கியில், கட்டிலுக்கு மேல் கை எட்டும் உயரம் வரை தொங்கும் ஓர் எலாஸ்டிக் வளையத்தை மாட்டினாள். தலைமாட்டு அலமாரித் தட்டிலிருந்த மிஷினிலிருந்து குழாய் மேலே போய், வளையத்துக்குள் நுழைந்து, உச்சந்தலைக்குப் பின்னாலிருந்து மாஸ்க்குக்கு இறங்கியது. குழாய் முழுக்கத் துணி உறை. பிளாஸ்டிக் வெளியே தெரியவே இல்லை.

"நான் என்ன கைப்புள்ளையா? தொட்டில் கட்டுறே?"

"தொட்டில்ல படுக்கச் சொன்னேனா? குழாயைத்தான படுக்க வச்சிருக்கேன்."

தமிழ்மாறன் இடது பக்கம் புரண்டார். எலாஸ்டிக் நீண்டது, குழாய் கூடவே வந்தது, படவில்லை. வலது பக்கம் புரண்டார். அப்படியே திரும்பி வந்தது. வேகமாகப் புரண்டு ஏமாற்றிப் பார்த்தார். அது அவரைவிட வேகமாக இருந்தது. கையைத் தூக்கி லேசாக இழுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. இன்னாசிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கை கீழே இறங்கியது. எப்படியும் ஒரு வழி இருக்கும், இன்னும் இரண்டு தடவை புரண்டு பார்ப்போம் என்று தமிழ்மாறன் கண்ணை மூடி யோசித்தார்.

திறந்தபோது வெயில் ஜன்னலைவிட்டுப் போயிருந்தது. இன்னாசிமுத்துவின் நாற்காலி காலியாக இருந்தது. தலையில் எப்போதும் இருக்கும் பாரத்தைக் காணவில்லை. அப்படியொரு பாரம் இருந்ததே இப்போதுதான் தெரிந்தது. கட்டிலுக்குக் கீழே, வெறும் தரையில், சோணையம்மாள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவள் பகலில் தூங்கி அவர் பார்த்ததில்லை. நன்றாக யோசித்தால், இரவிலும் பார்த்ததில்லை.

அவர் மாஸ்க்கைக் கழற்றிய சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

"நீயும் தூங்கிட்டியா?"

"இன்னைக்குத்தான்" என்றாள். உட்கார்ந்து கொண்டையை முடிந்துகொண்டாள். "ராத்திரி நீங்க மூச்சை நிறுத்துவீங்க. நான் என் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். அது வரலைன்னா லேசா இடிப்பேன். நீங்க திட்டிட்டுத் திரும்பிப் படுப்பீங்க. எம்புட்டு வருசமாங்க? டாக்டர் இப்பத்தான் சொன்னாரு. எனக்கு முன்னாடியே தெரியும்."

தமிழ்மாறன் குழாய் உறையைத் தடவினார். மெத்தென்று இருந்தது. ஓரத்தில் பச்சைக் கரை ஓடியது. அந்தக் கரை அவருக்குத் தெரிந்த கரை.

"இது கீழக்குயில்குடிப் பொன்னாடைல்ல?"

"அது ஒண்ணுதான் பருத்தி. மத்ததெல்லாம் ஜிகினா, கன்னத்துல குத்தும்."

"இதை எப்ப வெட்டின?"

"நீங்க பீரோவுல தேடுனீங்கள்ல, அதுக்கு முந்தியே."

அப்படியென்றால் நிபந்தனை வைப்பதற்கு முன்பே உறை தயார். கட்டில் தயார். குழாய் மேலே படாமல் எவனாலும் படுக்க முடியாது என்ற அந்தப் பாட்டுகூட, அவர் வாயிலிருந்து அந்த ஒரு நிபந்தனையை வாங்குவதற்காகப் பாடியது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பு ஒத்துழைக்கவில்லை.

ஆர்ப்பாட்டத்தன்று திருமங்கலத்தில் அவர் தோளில் துண்டு இல்லாமல் பேசினார். ஒரு கொட்டாவி இல்லை. வரப்பில் வழுக்கி விழுந்த பாடைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுப்பினார். போலீஸ்காரர்கள் சிரிக்கவில்லை, ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முடிவில் பாண்டிராஜே மேடையேறி, பளபளவென்று ஒரு பொன்னாடையைப் போர்த்திக் காலைத் தொட்டான்.

தமிழ்மாறன் அதைக் கழற்றாமலே பஸ்ஸில் உட்கார்ந்து, கழற்றாமலே தெருவில் நடந்து, வீட்டு வாசலில் அப்படியே நின்றார். சோணையம்மாள் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இதுவும் குத்தும். அடுத்த கூட்டத்துல பருத்தியாப் போடச் சொல்லுங்க, மாத்து உறைக்குத் துணி இல்ல."