பரணில் அழுத பிள்ளை

இந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வராது என்று முடிவு செய்தேன். உலகமெங்கும் வரட்டும். கோவில்பட்டிக்கும் வரட்டும். கயத்தாறு ரோட்டில் ஊர் முடிந்து கரிசல்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் என் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

காரணம் இரண்டு. ஒன்றின் பெயர் ஸ்டெபின், இன்னொன்றின் பெயர் ஜெபிஷா. இரட்டைப் பிள்ளைகள். அவர்களுக்குப் பல் முளைக்கிற நேரம். எனக்குப் பல் தேய்க்க நேரமில்லை. அவன் அழுது ஓய்ந்தால் அவள் தொடங்குவாள்.

ஆனால் என் மனைவி எஸ்தர்ராணி வீட்டு வழக்கம் பெரிது. காட்டிலிருந்து கரிசல்மண் அள்ளி வந்து, குழைத்து, குழந்தை இயேசுவுக்குக் குடில் கட்ட வேண்டும். முந்திரிக்கொத்துப் பலகாரம் உருட்ட வேண்டும். மாடியில் ஸ்டார் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் குடில் பொம்மைப் பெட்டியை இறக்க வேண்டும். பரலோகத்திலிருந்து இறங்கியவரைப் பரண்லோகத்திலிருந்து இறக்குவது வருஷாவருஷம் என் பொறுப்பு.

"வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆகவே மூளையைப் பயன்படுத்தினேன். நான் செல்போன் கடைக்காரன். உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைப் பரணில் ஒளித்தேன். ஜெபிஷாவின் அழுகையைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்தேன். போட்டுக் கேட்டபோது எனக்கே முதுகு சில்லிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து பிள்ளை அழுவது போலிருந்தது.

அந்தி நேரம். வெளியே பனி இறங்கி மக்காச்சோளக் காட்டை மறைத்திருந்தது. காற்றாலை தெரியவில்லை. அதன் சத்தம் மட்டும், யாரோ மூச்சு விடுவது போல வந்து வந்து போனது. பிள்ளைகள் அதிசயமாகத் தூங்கின. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் போனை அமுக்கினேன்.

எஸ்தர் மடித்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது.

"என்னங்க... பரண்ல பிள்ள அழுவுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நல்லாக் கேளுங்க. அங்கனதான்."

"உனக்குத் தூக்கம் இல்லட்டி, அதான். எதுக்கும் பரண் பக்கம் போவாத. பெட்டி இந்த வருஷம் அங்கனயே கெடக்கட்டும்."

அவள் பரணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே தடவையில் சரி என்றது அன்றைக்குத்தான். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஸ்பீக்கரை எடுத்துக் கடையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் எதிரே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் அவள் மடியில்.

பரணில் அழுகை.

ஜெபிஷாவின் அழுகை இல்லை. பிறந்து கண் திறக்காத பிள்ளையின் குரல். விம்மியது. நின்றது. யாராவது வருகிறார்களா என்று காது கொடுப்பது போலக் கொஞ்சம் பொறுத்து, மறுபடி விம்மியது.

பாய்ந்துபோய்ப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தேன். இரண்டு வாயும் மூடியிருந்தன.

"எஸ்தரு, கேக்குதா?"

"என்னது?"

"பரண்ல... பிள்ள..."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

விடிந்து கண் விழித்தபோது தரையில் தடம் இருந்தது. ஈரக் கரிசல்மண். சின்னஞ்சிறு பாதங்கள். பரணுக்குக் கீழே தொடங்கி, நான் படுத்திருந்த பாய் வரைக்கும் வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கோ இன்னும் நிற்கவே தெரியாது.

பக்கத்து வீட்டுக் கற்பகத்தைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இது இடம் கேக்குற பிள்ளை, அண்ணாச்சி."

"எங்கன இடம் கேக்குது?"

"குடில்லதான். வருஷாவருஷம் வைக்கிற வீட்டுல வைக்கலைன்னா அது எங்கன போய்ப் படுக்கும்? அதான் நேரா உங்க பாய்க்கு வந்திருக்கு."

அப்போதே பரணில் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை இறக்கினேன். பனிக்குள் போய் மண் அள்ளினேன். பின்னால் யாரோ நடப்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. குடில் கட்டினேன், ஸ்டார் கட்டினேன், முந்திரிக்கொத்தும் உருட்டினேன். அழுகைச் சத்தம் கேட்டால் போதும், அது நம் பிள்ளைதானா என்று பார்க்க நானே முதலில் ஓடினேன். ஓடிய கையோடு பால் கலக்கினேன். தோளில் போட்டுத் தட்டினேன். எஸ்தர் தூங்கினாள். கன்னம் அழுந்த, வாய் திறந்து, மாதக்கணக்கில் தூங்காதவளின் தூக்கம். பேய் வராமலே இதைச் செய்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கற்பகம் வந்து முந்திரிக்கொத்தைக் கடித்தாள்.

"பாதம் என்னமா வந்திருந்துச்சு எஸ்தரு! கிருஷ்ண ஜெயந்திக்கு நான் மாவுல கைய மடக்கி வைப்பேன். நீ மண்ணுலயே வச்சிட்டியே!"

கையிலிருந்த முந்திரிக்கொத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"அப்ப அழுதது?"

"உங்க கடையில இன்னொரு ஸ்பீக்கர் எடுத்துப் பரண்ல வச்சேன்" என்றாள் எஸ்தர். "போன்ல எங்கனயோ எடுத்த பச்சப்பிள்ள அழுகையப் போட்டேன், அந்தப் போன் மடியில பிள்ளைக்கு அடியில கெடந்துச்சு. நீங்க வாயத்தான பாத்தீங்க? எம்பிள்ள அழுகைய வச்சு என்னையவே பயங்காட்டுதீங்களே, எனக்குத் தெரியாதா?"

"இம்புட்டும் ஒரு குடிலுக்காகவாட்டி?"

"குடிலா? எனக்கு மேலுக்கு முடியல, இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம், கடையில ஒரு கேக்கு வாங்குனாப் போதும்னு உங்ககிட்ட சொல்லத்தான் அன்னைக்குச் சாயங்காலம் உக்காந்திருந்தேன். அதுக்குள்ள நீங்க பரண்ல அழ ஆரம்பிச்சிட்டீங்க."