நூற்றுக்கு ஐந்து

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு, நீதிமன்றத்துக்கு எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், வழக்கறிஞர் அலுவலகத்தில் அப்பாவின் உயில் வாசிக்கப்பட்டது. வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமம். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு நடுப்பிள்ளைக்கு. அவர் செய்யும் செலவு ரசீது காட்டினால் திரும்பக் கிடைக்கும். அது தவிர, சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஐந்து கூலி.

நடுப்பிள்ளை ஒரு சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர். அப்பாவோடு அந்த வீட்டிலேயே இருந்தவர். அக்காவுக்கும் தம்பிக்கும் பங்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. வங்கி நாற்பது லட்சம் கடன் தருவதாகச் சொல்லியிருந்தது.

முதல் சிக்கல் ரசீதில் வந்தது. டாக்சிக்காரர்கள் ரசீது தருவதில்லை. மேற்பார்வையாளர் ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கித் தானே எழுதிக்கொண்டார். புத்தகம் வாங்கியதற்கும் ஒன்று எழுதினார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள்.

"ஏன்டா, டாக்சிக்காரன், ஜெராக்ஸ்காரன், டீக்கடைக்காரன் எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சவங்களா? கையெழுத்து அச்சு அசலா ஒண்ணா இருக்கே!"

தம்பி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"அப்ப நான் திருடன்னு சொல்றியா?"

"சீச்சீ. இந்தச் சில்லறைய விட்டுத் தள்ளு. நூத்துக்கு அஞ்சு இருக்குல்ல? அலையுறவன் நீ. மதிப்பை நல்லாப் போட்டுக் கூலியை எடுத்துக்க."

ஐம்பது வருடத்தில் அக்கா அவரிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அது. அவர் ரசீதுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டார்.

மதிப்பீட்டாளர் வந்தார். சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஒழுகுது. அறுபது லட்சம்" என்றார். மூன்று லட்சம் கூலி. மேற்பார்வையாளருக்கு அது போதவில்லை. கைக்காசு போட்டுக் கூரையை மாற்றினார், சுவருக்கு வெள்ளையடித்தார். அந்தப் பில்லை வழக்கறிஞரிடம் நீட்டியபோது அவர் தொடக்கூட இல்லை.

"நீங்க குடியிருக்கிற வீட்டை நீங்களா அழகு பண்ணிக்கிட்டீங்க. இது உயில் செலவுல வராது சார்."

போட்ட காசை எடுக்க இன்னும் பெரிய மதிப்பு தேவைப்பட்டது. இரண்டாவது மதிப்பீட்டாளர் எழுபத்தைந்து என்றார்.

"மாடியில ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விடலாமே அண்ணே, அதைச் சொன்னியா?" என்று தம்பி எடுத்துக் கொடுத்தான். சொன்னார். தொண்ணூறு ஆனது.

அன்று மாலை மனைவி கேட்டாள்: "ஏங்க, இவ்வளவு ஏத்துறீங்களே, நாளைக்கு நாமதானே இதை எடுக்கணும்?"

"மக்கு. அது பேப்பருக்கு. அக்கா தம்பிக்குள்ள பேசுற விலை வேற. அக்கா இப்ப தங்கமா மாறிட்டா, தெரியுமா?"

தொண்ணூறு லட்சம் என்று நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணப் பத்திரம் தாக்கலானது. அக்காவும் தம்பியும் மறுப்பில்லை என்று போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்கள். கூலி நாலரை லட்சம்.

மறுவாரம் மேற்பார்வையாளர் வழக்கறிஞர் முன் உட்கார்ந்து, வீட்டைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"தாராளமா. தொண்ணூறுல ரெண்டு பங்கு, அறுபது லட்சம் கட்டிடுங்க."

"அது... அது கூலிக்காகப் போட்ட மதிப்புங்க."

"சத்தியம் பண்ணின மதிப்பு. அதுதான் விலை. இப்பக் குறைச்சா பொய்ச் சத்தியம், ஜெயில்."

"அறுபதே இருந்திருந்தா?"

"நாப்பதோட முடிஞ்சிருக்கும்."

ஒன்றரை லட்சம் அதிகக் கூலிக்கு இருபது லட்சம் அதிக விலை. ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்துத் தருவதாக அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து குமாஸ்தாவின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதை ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

குமாஸ்தா பத்திரத்தில் முத்திரை குத்தினார்.

"கேட்டவங்களுக்குச் சொன்னோமே சார். உயில் வாசிச்ச அன்னிக்கே, நீங்க படி இறங்கினதும், உங்க அக்கா திரும்பி வந்து கேட்டுட்டுப் போனாங்க."