கிளட்ச் மாஸ்டரின் பன்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், பன்றிக்கறி பன் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பிய ஒரே ஆள் இந்தச் சென்னையில் நானாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமை முழுவதும் கிளட்ச் மாஸ்டரையே சேரும்.

மேற்கு மாம்பலத்தில் ஒற்றைக் காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எதிரே எருமை வந்தாலும் ஆம்புலன்ஸ் வந்தாலும் "கிளட்ச்சை மிதி" என்பதுதான் அவருடைய ஒரே பாடம். அதனால் அந்தப் பெயர். சிங்கப்பூரில் பல வருடம் லாரி ஓட்டியவர். அங்கே ஒரு சீனக் கடையில், ஆவியில் வெந்த வெள்ளை பன்னுக்கு நடுவில் கொழுப்போடு பன்றி வயிற்றுக்கறித் துண்டு வைத்துத் தருவார்களாம். ஊர் திரும்பியதிலிருந்து அதை வீட்டில் செய்ய முயன்றுகொண்டிருக்கிறார். வீட்டுக்காரம்மா சமையலறைக்குள் விடாததால் மொட்டை மாடியில், இட்லிப் பானையில்.

எனக்கோ அவசரம். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அபிராமபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் குலுங்கிப் போய்த் திரும்புவதற்குள் துவண்டுவிடுவார். வீட்டில் சும்மா நிற்கும் அப்பாவின் காரில் நானே ஓட்டி அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன்.

முதல் நாளே மாஸ்டர் ராயப்பேட்டைக்கு விடச் சொன்னார். "டிராபிக்லதான் மேடம் கத்துக்கணும்." நம்பினேன். வண்டி ஒரு பன்றிக்கறிக் கடை வாசலில் போய் நின்றது. மாஸ்டர் இறங்கிக் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"தோலு, கொயுப்பு, சதை, திரும்ப கொயுப்பு. அடுக்கடுக்கா இருக்கணும் நைனா. இன்னா இது, வெறும் சதையா கீது?"

"கொழுப்பு கம்மியா இருந்தா உடம்புக்கு நல்லது சார்."

"உடம்புக்கு நல்லது வேணும்னா இங்க ஏன் வரேன்? கீரைத்தண்டு வாங்கிக்கினு போவமாட்டேன்?"

திரும்பும்போது அவரே ஓட்டினார். "நீ ஓட்னா வூடு போறதுக்குள்ள கறி கெட்டுப்பூடும் மேடம்."

அடுத்த நாள் சோயா சாஸ், அதற்கடுத்த நாள் ஈஸ்ட். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில், பேச்சை நிறுத்தாமலே ஸ்டியரிங்கை அவர் பிடித்துத் திருப்பிவிடுவார். ஒரு மாதம் கழித்து எனக்கு வலப்பக்கம் திரும்பத் தெரியாது. ஆனால் வயிற்றுக்கறியை அன்னாசிப்பூ, வெல்லம், சோயா சாஸோடு சிறு தீயில், கரண்டி பட்டாலே பிய்கிற வரை வேகவிடத் தெரியும்.

அவருக்குக் கறி கைவந்துவிட்டது. பன் மட்டும் கல்லாகவே இருந்தது. ஒருமுறை ஏற்றத்தில் வண்டி பின்னால் போகாமலிருக்க டயருக்கடியில் ஒன்றை வைத்தார். வண்டி நகரவில்லை.

மாவு பொங்கச் சூடு போதவில்லை என்று முடிவு கட்டியவர், என் லைசென்ஸ் டெஸ்ட் அன்று மாவுச் சட்டியைக் காரிலேயே, கியருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. நாங்கள் மரத்தடியில் காத்திருக்க, வெயிலில் நின்ற காருக்குள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து கியர்க் கம்பியை விழுங்கியிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் பக்கத்தில் ஏறிய இன்ஸ்பெக்டர்.

"மாவு சார்."

அவர் வலப்பக்கம் திருப்பச் சொன்னார். பிசுபிசுத்த கையோடு இடப்பக்கம் திருப்பினேன். டெஸ்ட் அதோடு முடிந்தது.

ஓடி வந்த மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தார். "பொங்கிக்கீது மேடம். பாத்தியா, பொங்கிக்கீது." கண் கலங்கியிருந்தது.

"உங்க பன்னும் வேணாம், உங்க கிளட்ச்சும் வேணாம்," என்றேன். "எங்கப்பாவை இனிமே யாரு கூட்டிட்டுப் போறது?" ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த டயாலிசிஸ் நாள் காலையில் வாசலில் ஹாரன். மாஸ்டர் காரைக் கழுவி, பின்சீட்டில் தலையணை போட்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா ஏறிவிட்டார். அவர் மடியில் மாவுச் சட்டி வைக்கப்பட்டது.

"கொஞ்சம் புடிச்சுக்கோங்க ஐயா. வண்டி குலுங்கிச்சுன்னா அமுங்கிப்பூடும். குலுங்காது."

குலுங்கவில்லை. டயாலிசிஸ் நாட்களில் வாயே திறக்காத அப்பா, வழியெல்லாம் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இப்ப பாதி உப்பிருக்கு மாஸ்டர்."

அதன்பிறகு மாஸ்டர்தான் அழைத்துப்போனார். அப்பா மெஷினில் படுத்திருக்கும் நேரத்தில் எனக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றி வலப்பக்கத் திருப்பம் மட்டும்தான் பாடம். ஒருநாள் அப்பா வெளியே வந்ததும், மாஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கொரு பன்னை நீட்டினார். எரிச்சலோடுதான் கடித்தேன். அப்பா அதைச் சாப்பிடக் கூடாது. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்குப்பா."

தானே பிசைந்ததைப் போல் அப்பா மாஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டாவது டெஸ்டில் தேறிவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் நான்தான் ஓட்டுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், ஓட்டவே தெரியாதவளைப் போல மாஸ்டருக்குப் போன் செய்துவிடுகிறேன்.