தொலைஞ்சிபோ டீச்சர்

மேனாம்பேட்டில் முகத்துக்கு நேராகத் 'தொலைஞ்சி போ' என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் கும்பிடும் வாங்கிக்கொண்ட ஒரே பிறவி அந்த டீச்சர்தான்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஐம்பத்திரண்டு வயதில் கிளாக்கோமா என் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. எட்டு மாதம் கட்டிலே கதி. பார்வை போனவர்களுக்கு வீடு தேடி வந்து அன்றாட வேலைகளைப் பழக்கும் டீச்சரை என் மனைவி வசந்தா எங்கிருந்தோ பிடித்து வந்தாள். முப்பது வயதிருக்கும், சேக்காட்டுக்காரி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவரிடம் படித்தவர்களுக்கெல்லாம் 'தொலைஞ்சிபோ டீச்சர்'தான்.

முதல் நாளே காபி போடச் சொன்னார். சர்க்கரை என்று உப்பை அள்ளிப் போட்டேன். வசந்தா பதறினாள்.

"அக்கா, நீ கம்முனு ஒக்காரு" என்றவர், டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "சூடு கரெக்டா கீது அண்ணாத்தே. கீழயும் சிந்தல. சக்கர டப்பாவுக்கு மட்டும் ரப்பர் பேண்டு போட்டு வெச்சிக்கோ."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் எனக்கு எதையும் எடுத்துத் தரக் கூடாது என்று தடை. செருப்பை அரைமணி தேடினேன். அது வசந்தா காலில் இருந்தது.

வெள்ளைக் குச்சியோடு மூன்று மாதம் நடை பழகிய பிறகு ஒரு காலையில் சொன்னார்: "தனியா ரயிலேறி பட்டாபிராம் போ. அங்க நல்லா தொலைஞ்சி போ. அப்பால நீயே ஊடு வந்து சேரு."

"நீங்க வரலியா?"

"எனக்கு அங்க இன்னா வேல?"

நான் நம்பவில்லை. எப்படியும் பின்னால் வருவார் என்ற தைரியத்தில் ராஜநடை போட்டேன். பட்டாபிராமில் இறங்கிப் பத்து நிமிடத்தில் வழி குழம்பியது. பின்னால் செருப்புச் சத்தம்.

"போதும் டீச்சர், நீங்க வர்றது தெரியும். கையப் புடிங்க."

"சார், நான் ரேஷன் கடைக்குப் போறேன்" என்றது ஒரு கட்டைக் குரல்.

வெட்கத்தில், "நல்லது, போய்ட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவைத்துவிட்டேன். டீச்சர் நிஜமாகவே வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அசையாமல் நின்றேன். இடப்பக்கம் ரயில் ஹார்ன் கேட்டது. குச்சியால் மதில் சுவரைத் தட்டிக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தேன். பூ விற்கும் அம்மா ஒருத்தி, "நாலடி வெச்சா டேசன் படிக்கட்டு நைனா" என்றாள்.

மதியம் எங்கள் வீட்டு கேட்டைத் தொட்டதும் அழுகை வந்துவிட்டது.

"இன்னா இவ்ளோ லேட்டு?" என்றார் டீச்சர், உள்ளே உட்கார்ந்தபடி. உடனே கிளம்பியும் போய்விட்டார்.

வசந்தா அருகில் வந்தாள். "டீச்சரு காலைல வெச்ச இட்லியத் தொடவே இல்லீங்க. பத்துத் தடவ தெருமுனைக்குப் போய்ப் பாத்துச்சு. நீங்க வர்றதப் பாத்ததும் ஓடி வந்து உக்காந்து, போன் பாக்கற மாதிரி நடிச்சுச்சு. உங்களுக்குக் கண்ணு தெரியாதுங்கறதையே மறந்துடுச்சு."