பௌர்ணமியில் ஓட்டிக் காட்டிய கார்

பழைய காரை விற்கும்போது அரிச்சந்திரனுக்கும் நாக்கு கொஞ்சம் புரளும். நானோ ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் சாதாரண டீச்சர். அப்படியும் நான் பொய் சொல்லவில்லை. ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். (இரண்டும் ஒன்றுதான் என்பாள் என் மகள். அவள் இன்னும் கார் விற்றதில்லை.)

எங்கள் வெள்ளைக் காருக்கு அப்போது பதினோரு வயது. புதுக் கார் புக் செய்த ஷோரூமிலிருந்து, பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுக்க ஒருவர் பார்க்க வந்தார். டயரை உதைத்தார். பானட்டைத் திறந்து உச்சுக்கொட்டினார். "மெதுவா போனா ஹீட் ஆவுது மேடம். இன்ஜின்ல வேலை ஜாஸ்தி இருக்கும். அறுபதாயிரம் போட்டுக்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளியில வித்தா லட்சத்துக்குக் கம்மியா போவாது" என்றேன் என் கணவர் சேகரிடம்.

அவருக்கு அலைச்சல் என்றாலே ஆகாது. "பேசாம அவங்க கிட்டயே தள்ளிவுடு. முருங்கக்காய்க்கே உனக்குப் பேரம் பேச வராது, நீ காரு விக்கப் போறியா?" என்றார்.

பந்தயம் அங்கேதான் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் விற்றுவிட்டால் புதுக் காரின் சாவி எனக்கு. விற்காவிட்டால் எக்ஸ்சேஞ்ச், சாவி அவருக்கு. லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருஷத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தாமல் ஒரு நாள்கூட நான் வண்டி ஓட்டியதில்லை. அந்தச் சாவி எனக்கு வேண்டும். காரைவிட அதுதான் வேண்டும்.

வாங்க வந்தவர் பெயர் ஏழுமலை. வேட்டவலம் பக்கம் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்பவர். போனில் ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல்லியிருந்தேன். (எப்படியும் லட்சத்துக்கு இழுப்பார் என்று முன்கூட்டியே இருபது ஏற்றி வைத்தேன். கணக்கு டீச்சர் அல்லவா?) ஹீட் விஷயத்தை மட்டும் வாயே திறக்கவில்லை. வண்டி ஊர்ந்து போனால்தான் சூடாகும். ஓட்டிப் பார்க்க வருகிறவர் எதற்கு ஊரப்போகிறார்? காலண்டரில் ஞாயிறு பௌர்ணமி என்று போட்டிருந்ததால், முன்ஜாக்கிரதையாகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச்சொன்னேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமித் திதி முதல் நாளே பிறந்துவிடும், பிறந்த நிமிடமே ஜனம் நடக்க ஆரம்பித்துவிடும் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை. வழியில் சுண்டல் கடைகள் போட்டிருந்ததைப் பார்த்தும், நாளைக்கு இப்போதே இடம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றால் பாருங்கள்.

ஏழுமலை தன் பைக்கை எங்கள் வாசலில் விட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். புறப்பட்ட ஐந்தாவது நிமிடம் முன்னாலும் தலை, பின்னாலும் தலை. ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எப்டிமா உள்ள வந்தீங்க?"

"வீடே உள்ளதாங்க சார்."

"திருப்பக் கூடாது, ஜனம் எதிர்க்க வருது. அப்டியே கூட்டத்தோட போயி ஈசான்ய லிங்கத்தாண்ட வெளிய போயிடுங்க."

நிறுத்தியபடியே சேகருக்குப் போன் போட்டேன். "திதி மத்தியானமே பொறந்துடுச்சே. டீச்சரம்மா காலண்டர்ல சின்ன எழுத்த படிக்கிறதில்லையா?" என்றார். குரலிலேயே சிரிப்பு. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு என்னை அனுப்பியிருக்கிறார், பாவி மனுஷன்!

ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்தோம். ஒரு அம்மா என் பானட்டில் பூஜைத் தட்டை வைத்துவிட்டு நிதானமாகக் கொண்டையை முடிந்துகொண்டார். ஹீட் முள் ஏறியது. குபேர லிங்கம் வருமுன்பே பானட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. வண்டியை அணைத்தேன். ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா போனா ஹீட் ஆவுங்க. சொல்லாம வுட்டுட்டேன். தப்புதான்" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாவி போயிற்று, மானமும் போயிற்று.

அவர் இறங்கினார். அதற்குள் பின்னால் வந்த கூட்டம், யாரும் கேட்காமலே, கையை வைத்துத் தள்ள ஆரம்பித்தது. ஒருவர் "அண்ணாமலையாருக்கு" என்று எடுத்துக்கொடுக்க, இருபது பேர் "அரோகரா" என்றார்கள். தேர் மாதிரி அசைந்து போனது என் கார். உள்ளே உற்சவர் மாதிரி நான். கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெறுங்காலும் நெற்றி நிறைய விபூதியுமாக எங்கள் பள்ளித் தலைமையாசிரியரும் தள்ளிக்கொண்டிருக்கிறார். "குட் ஈவினிங் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஓரத்தில் நிறுத்தி ஆறவிட்டபின் ஏழுமலை பானட்டுக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது சிரித்தார்.

"எலி வயர கடிச்சி வெச்சிருக்குதுங்க. ஃபேன் சுத்தல. இன்ஜின்ல ஒண்ணும் இல்ல."

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து வயரை ஒட்டினார். யாரோ கொடுத்த பாட்டில் தண்ணீரை ஊற்றினார். ஃபேன் சுற்றியது. மீதித் தூரத்தை ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தே கடந்தோம். முள் அசையவில்லை.

ஈசான்யம் தாண்டி டீக்கடையில் நின்றோம். எண்பதுக்கே கொடுத்துவிடலாம் என்று நான் வாயைத் திறக்குமுன் அவர் பேசிவிட்டார்.

"இந்தக் கூட்டத்துல இவ்ளோ நேரம் ஊர்ந்து வந்துச்சே, இதவிட இன்னா டெஸ்டு பண்றது? அதுவும் சாமிய சுத்திக்கினு வந்த வண்டி. இதுக்குப் பேரம் பேசினா நல்லா இருக்காது. நீங்க சொன்ன வெலையே குடுத்துடறேன்."

(பாதிதான் சுற்றியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) ஆனால் எதிரே மலை நின்றுகொண்டிருந்தது. ஏற்றி வைத்த இருபதாயிரம் நெஞ்சில் குத்தியது.

"பத்து கொறச்சிக் குடுங்க. வயர் ஒட்டின கூலி" என்றேன். அவர் மாட்டேன் என்கிறார், நான் விடமாட்டேன் என்கிறேன். விற்கிறவள் மன்றாடி விலையைக் குறைத்த பேரம் இந்த ஜில்லாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு லட்சத்துப் பத்தில் முடிந்தது.

பாதைக்குள் மறுபடி வண்டியை விடமாட்டார்கள், அவருடைய பைக்கோ எங்கள் வாசலில். காரை அங்கே அவருக்குத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மீதிப் பாதி வட்டத்தை இருவரும் நடந்தே முடித்தோம். பாக்கி வைத்த உண்மைக்கு என் கால் வட்டி கட்டியது. வீட்டு வாசலில் சேகர் ஆறுதல் சொல்லத் தயாரான முகத்தோடு நின்றார். ஏழுமலை முன்பணத்தை அவர் கையிலேயே கொடுத்தார். அந்த முகம் மாறியதே, அதைப் போட்டோ எடுக்காமல் போனேனே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

திங்கட்கிழமை (சின்ன எழுத்தையும் படித்துவிட்டுத்தான்) புதுக் காரின் டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான் ஓட்டினேன். சேகர் இடதுபக்கம் வாயைத் திறக்காமல் வந்தார்.

மாதாமாதம் ஏழுமலை போன் செய்கிறார். "டீச்சர், நாளைக்கு ரெண்டரைக்குத் திதி பொறக்குது. சாருக்கு ஞாபகப்படுத்துங்க." சேகர் வெளியே கிளம்பினால் என் மகளும் விடுவதில்லை. "அப்பா, திதி பாத்தியா?" என்பாள். அவர் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டுவார். சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது.